விளக்கு இருக்கிறது, வீடு எங்கே?

கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவை ஒட்டி நம் பங்குகளில் ஒரு புதிய வழக்கம் வேரூன்றிவிட்டது. வீட்டு முகப்பில் சீரியல் விளக்குகளைத் தொங்கவிட்டு, மொட்டை மாடியில் விண்மீனை உயர்த்தி, நன்றாக இருட்டும்வரை காத்திருந்து, தெருவின் எதிர்ப்புறம் நின்று கைப்பேசியில் படம் எடுக்கிறோம். அப்படம் அன்பியக் குழுவுக்குப் போகிறது. அயல்நாட்டு உறவினர்க்குப் போகிறது. சில இடங்களில் அலங்காரப் போட்டிக்கும் போகிறது. அப்படங்களை ஒருமுறை வரிசையாக வைத்துப் பார்ப்போம். கரிய பரப்பின்மேல் சிவப்பும் பச்சையும் நீலமுமாய்ச் சில புள்ளிகள். நடுவே வெண்மையாய்ப் பொங்கி நிற்கும் ஒரு விண்மீன். அது யாருடைய வீடு? கூரை ஓடா, காரையா? வாயிலில் நிற்பவர் யார்? ஒன்றும் தெரிவதில்லை. விளக்கு இருக்கிறது, வீட்டைக் காணோம். இவ்வழக்கம் மாற வேண்டும் என்பதே நம் வாதம்.

படமே எடுக்கலாகாது, அந்நேரத்தில் செபமாலையைக் கையிலெடுங்கள் என்போரின் கட்சியில் நாம் சேரவில்லை. நிகழ்ந்தவற்றையெல்லாம் மரியா தம் உள்ளத்தில் இருத்திச் சிந்தித்தார் என்று லூக்கா எழுதுகிறார். நல்ல நாளின் நினைவைக் காத்து வைக்க விழைவது பாவமன்று. நம் வழக்கு படத்தோடு இல்லை; அது எடுக்கப்படும் வேளையோடுதான்.

புகைப்படக் கலை அறிந்தோர் இதனை எப்போதோ சொல்லிவிட்டனர். முழு இருட்டில், எரியும் விளக்குக்கும் அதன் பின்னுள்ள சுவருக்கும் இடையே ஒளியின் அளவு பெரிதும் வேறுபடுகிறது. விளக்குக்கு ஏற்பக் கேமராவை அமைத்தால் சுவர் கரியாகிறது. சுவருக்கு ஏற்ப அமைத்தால் விளக்கு நிறமிழந்து வெறும் வெள்ளைத் திட்டாகிறது. பிளாஷைப் போட்டாலோ சுவர் வெளுத்து விளக்கின் அழகே மடிகிறது. ஒளி குறைந்தபோது கேமரா நெடுநேரம் கண் திறந்திருக்க வேண்டியிருப்பதால், அசைந்து நடக்கும் மனிதர் மங்கலாகின்றனர். சில நொடிகள் நீளும் படமாயின் தடயமின்றி மறைந்தே போவதும் உண்டு. கைப்பேசியின் இரவு முறை பல படங்களை ஒன்றாக இணைத்து இக்குறையை ஓரளவு ஈடுசெய்யலாம், முற்றும் நீக்காது. அந்தியிலோ நிலை வேறு. கதிரவன் மறைந்தபின்னும் வானம் சிறிது நேரம் நீல ஒளியைச் சொரிகிறது. அவ்வொளியும் விளக்கொளியும் ஏறக்குறைய நிகராகும் அச்சில நிமிடங்களில் சுவரும் தெரிகிறது, முற்றத்து மரமும் தெரிகிறது, திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டியின் முகமும் தெரிகிறது; விளக்கும் தன் நிறத்தோடு சுடர்கிறது.

அவ்வேளை நம் நாட்டில் மிகக் குறுகியது. இலண்டன் போன்ற நகரங்களில் டிசம்பர் மாதத்து அந்தியொளி ஏறத்தாழ 40 நிமிடம் நீடிக்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள நம் பகுதியில் கதிரவன் நேராகக் கீழிறங்குவதால் அது 23 நிமிட அளவிலேயே முடிந்துவிடுகிறது. டிசம்பர் இறுதியில் திருச்சியில் கதிரவன் மறைவது ஏறத்தாழ மாலை 6 மணிக்கு. அப்படியானால் 6.10க்கும் 6.25க்கும் இடைப்பட்டதே நமக்குரிய நேரம். மாலை மூவேளைச் செபத்துக்கு ஆலய மணி ஒலித்து ஓய்ந்ததும் அவ்வேளை பிறக்கிறது. வாக்கு மனிதரானதை நினைவூட்டும் அச்செபத்தை வாசலில் நின்று சொல்லி முடித்துவிட்டே படமெடுக்கலாம்; ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிட வேண்டியதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். "ஒளி இருளில் ஒளிர்ந்தது என்று யோவான் கூறவில்லையா? பின்னணி இருளாக இருப்பதுதானே மறைநூலுக்குப் பொருத்தம்?" என்பர். கேட்கச் சுவையான வாதம்தான். ஆயினும் அதே அதிகாரம், அவ்வொளி ஒவ்வொரு மனிதரையும் ஒளிர்விக்க வந்தது என்றும் சொல்கிறதன்றோ? மனிதரின் முகம் தெரியும்படி இருளை விலக்குவதே நற்செய்தி கூறும் ஒளியின் தொழில். நம் படங்களில் இருள் விலகவில்லை. விளக்கை எடுப்பாகக் காட்டும் கறுப்புத் துணியாக அது வேலைக்கு அமர்த்தப்பட்டிருக்கிறது. தண்டின்மேல் வைக்கும் விளக்கைப் பற்றி ஆண்டவர் பேசியபோது, அது வீட்டிலுள்ள அனைவருக்கும் ஒளி தருவதையே குறிப்பிட்டார். வீட்டையும் வீட்டாரையும் மறைத்துவிட்டுத் தன்னை மட்டும் காட்டும் விளக்கை அவர் புகழ்ந்ததாக நாம் படித்ததில்லை.

வரலாற்றையும் நோக்குவோம். 1223ஆம் ஆண்டு அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் இத்தாலியின் கிரேச்சோ என்னும் சிற்றூரில் தீவனத் தொட்டியும் வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டு கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடியபோது, சுற்றுப்புற மக்கள் மெழுகுதிரிகளும் தீப்பந்தங்களும் ஏந்தி வந்தனர். அவ்வொளியில் அவர்கள் தீவனத் தொட்டியைக் கண்டனர். 1882ஆம் ஆண்டு டிசம்பரில், எடிசனின் கூட்டாளியான எட்வர்டு ஜான்சன் நியூயார்க்கில் தம் இல்லத்து மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் என 80 மின்விளக்குகளைப் பொருத்தினார். அவ்வொளியில் மக்கள் விளக்கைக் கண்டனர். மின்விளக்கு அவருடைய தொழிலும் ஆகும். மின்விளக்கை நாம் பழிக்கவில்லை. ஆனால், நம் விளக்கு இவ்விரண்டில் எவ்வழியில் எரிகிறது என்று கேட்காமலிருக்க முடியவில்லை.

வளைகுடாவிலும் நெடுங்கடல் கப்பல்களிலும் உழைக்கும் நம் இளைஞரை எண்ணிப் பார்க்கட்டும் இதனை மிகையென்போர். பெருவிழாவன்று விடுப்புக் கிடைக்காத ஒரு மகனுக்கு நாம் படம் அனுப்புகிறோம். வண்ண விளக்குகளுக்கு அவன் இருக்கும் நகரத்தில் பஞ்சமா? அவன் தேடுவது தான் அனுப்பிய பணத்தில் பூசப்பட்ட சுவரை. தான் நட்ட முருங்கை எவ்வளவு வளர்ந்தது என்பதை. அம்மா இளைத்திருக்கிறாளா என்பதை. அவனுக்கு நாம் அனுப்பி வைப்பதோ உலகில் எந்தத் தெருவிலும் எடுத்திருக்கக்கூடிய சில ஒளிப்புள்ளிகள்! 6.15க்கு எடுத்திருந்தால் அவன் வீடு அவனைச் சென்றடைந்திருக்கும்.

இனி, போட்டி நடத்துவோர்க்கு ஒரு சொல். படத்தைப் பார்த்துப் பரிசு தரும் இடத்தில் எவ்வீடு வெல்லும்? அதிக விளக்கு வாங்கக்கூடிய மாடி வீடே வெல்லும். இருட்டுப் படத்தில் ஒற்றைக் காகித விண்மீன் ஒரு புள்ளிக்கு மேல் பெறுமானம் பெறுவதில்லை. அதனை மூங்கில் சீவி, தாள் ஒட்டி, மூன்று நாள் உழைத்துச் செய்த சிறுவன் அப்படத்தில் இல்லவே இல்லை. தோற்றுவிடக் கூடாதென்று கடன்பட்டு விளக்கு வாங்குவதும், தேய்ந்த ஒயர்களை மழைக்காலச் சுவரில் இழுத்துக் கட்டுவதும் இத்தகைய போட்டியின் விளைவுகளே. ஏழ்மையில் பிறந்தவரின் விழாவில் ஏழையின் வீடு கண்ணுக்குத் தெரியாமற்போவது, சிறு குறையென்று தள்ளத்தக்கதோ?

ஆகவே நாம் கேட்பது இவ்வளவே. போட்டி நடத்துவோர் அந்தியொளியில், வீட்டார் வாயிலில் நிற்க எடுத்த படத்தையே ஏற்கட்டும். நடுவர்கள் படத்தோடு நின்றுவிடாமல் வீடுகளுக்கே செல்லட்டும். படமெடுப்போர் பிளாஷை அணைத்துவிட்டு, கைப்பேசியை எதிர்வீட்டுச் சுற்றுச்சுவரின்மேல் அசையாமல் வைத்து, வீட்டிலுள்ளோரை வெளியே அழைக்கட்டும். அடுத்தவர் வீட்டு அலங்காரத்தைப் படமெடுப்போர் முதலில் கதவைத் தட்டி ஒரு வாழ்த்துச் சொல்லட்டும்.

கீழ்த்திசை ஞானியர் விண்மீனைக் கண்டு பேருவகை கொண்டனர் என்கிறார் மத்தேயு. அது ஒரு வீட்டின்மேல் வந்து நின்றதும் அவர்கள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்தனர், குழந்தையையும் தாயையும் கண்டனர்.