மறதி நோயும் மன்றத்தின் கடமையும்

"வயதாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது." நம் வீடுகளில் இந்த ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது; மருத்துவரை நாடும் எண்ணமும் அதோடு முடிந்துவிடுகிறது. முதுமை வேறு, நோய் வேறு என்பதை நாம் முதலில் உணர வேண்டும். மூக்குக் கண்ணாடியை வைத்த இடத்தை மறப்பது முதுமையில் நேர்வது. கண்ணாடி எதற்கென்பதையே மறப்பது நோய். மருத்துவர்கள் அதனை டிமென்ஷியா என்பர். நாம் மறதி நோய் என்போம். அதன் வகைகளுள் மிகுதியாகக் காணப்படும் ஒன்றை 1906-ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் எடுத்துரைத்தார். நூறாண்டு கடந்தும் நாம் அதனைக் "கிழவியின் பிடிவாதம்" என்றே அழைக்கிறோம்!

2023-இல் வெளிவந்த இந்திய ஆய்வொன்று, 60 வயது கடந்தோரில் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இந்நோய்க்கு ஆளானோர் எனக் கணக்கிட்டது. இது தலைவிதியா? அன்று. நம் மைசூரில் மிஷன் ஆஸ்பத்திரி என வழங்கும் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் 1966 வரை பிறந்தோரை முதுமையில் தேடிச் சோதித்த ஆய்வாளர்கள், பிறந்தபோதிருந்த எடைக்கும் பிற்கால அறிவாற்றலுக்கும் தொடர்பு கண்டனர். 2024-இல் லான்செட் ஆய்வுக்குழு தடுக்கத்தக்க காரணங்கள் 14 என வகுத்தது. இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, புகைப்பழக்கம், தனிமை ஆகியவற்றோடு செவிக்குறைவும் அவற்றுள் ஒன்று. செவியைச் சோதிக்கும் அகில இந்திய நிலையமோ நம் மானசகங்கோத்ரியிலேயே இருக்கிறது!

நோய் வந்த பின் யார் பார்ப்பது? பெரும்பாலும் மகள் அல்லது மருமகள். வசதியுள்ளோர் வீட்டோடு தங்கும் ஆயா ஒருத்தியை அமர்த்துவர். அவளுக்குக் குளிப்பாட்டவும் ஊட்டவும் தெரியும். ஆனால் நோயாளியோடு வாதிடுவது வீண் என்பதையும், மாலையில் மனக்கலக்கம் மிகக்கூடும் என்பதையும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் எவர்? இரவெல்லாம் விழித்திருப்பவளுக்கு ஓய்வு நாள் எது? பராமரிப்பவர் சோர்ந்தால் பராமரிப்பும் சோரும்.

இங்கே மொழியும் குறுக்கிடுகிறது. 2013-இல் ஐதராபாத்தில் 648 நோயாளிகளை ஆராய்ந்தவர்கள், ஒரு மொழி மட்டும் அறிந்தோரைவிடப் பல மொழி அறிந்தோர்க்கு இந்நோய் நாலரை ஆண்டு பிந்தித் தோன்றியதைக் கண்டனர். தமிழும் கன்னடமும் பேசி வாழும் நம்மவர்க்கு இது நற்செய்தியே. ஆயினும் நோய் முற்றும்போது, பின்னாளில் கற்ற மொழி முன்னே மங்கித் தாய்மொழி எஞ்சுவதுண்டு. ஐம்பதாண்டு தேவராஜ மார்க்கெட்டில் கன்னடத்தில் பேரம் பேசிய பாட்டிக்கு, ஆயா கன்னடத்தில் கேட்பது விளங்காமற் போகலாம். பாட்டி "தாகம்" என்பது ஆயாவுக்கு விளங்காது. விளங்காத தாகம் கோபமாகும். கோபத்திற்குப் பைத்தியம் என்று பெயர் சூட்டுவர்.

தோழர்களே! நாம் பொங்கல் விழா எடுக்கிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம். அவற்றோடு இதனையும் மேற்கொள்வோம். இத்தகைய முதியோர் உள்ள தமிழ்க் குடும்பங்கள் விரும்பினால், ஞாயிறுதோறும் இருவர் சென்று இரண்டு மணி நேரம் அவர்களோடு தமிழில் பேசியிருப்போம். அந்த நேரத்தில் மகளோ ஆயாவோ சற்றுக் கண்ணயரட்டும். ஆயாவுக்கு நோயாளியின் நாவில் வரும் இருபது தமிழ்ச் சொற்களைக் கன்னட எழுத்தில் எழுதிக் கொடுப்போம். மருத்துவம் மருத்துவர் கடமை. துணையிருப்பது நம்மால் இயலும்.

"படிக்க வந்தவர்க்கு இது வேலையா?" எனச் சிலர் கேட்கலாம். "தமிழ் வாழ்க" என்று மேடையில் முழங்குவது மட்டும் நமக்கு வேலையா? தமிழ் ஒன்றே எஞ்சி நிற்கும் ஒரு மூதாட்டியோடு தமிழில் பேச ஆளில்லையெனில், அம்முழக்கத்தால் வாழ்வது எது? அடுத்த செயற்குழுவில் இதனைத் தீர்மானமாக வைப்போம்.