விகிதம் மட்டும் போதுமா?

இரு பொருள்களுக்கு இடையிலான ஈர்ப்பு விசை அவற்றின் நிறைகளின் பெருக்கற்பலனுக்கு நேர்விகிதத்திலும், தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். பள்ளியில் படித்த எவரும் இதை ஒப்பித்துவிடுவர். அடுத்து வரும் ‘இங்கு ஜி என்பது மாறிலி’ என்ற வரியை யாரும் நின்று படிப்பதில்லை. அறிவியலின் உழைப்பில் பெரும்பகுதி அந்த வரிக்குள் இருக்கிறது என்பது என் எண்ணம்.

விகிதம் உறவைச் சொல்கிறது: இது இருமடங்கானால் அது இருமடங்காகும். ஆனால் எவ்வளவு என்ற கேள்விக்கு அதனிடம் விடை இல்லை. நியூட்டனின் நூல் வெளிவந்தது 1687இல். ஆய்வுக்கூடத்தில் ஈயக்குண்டுகளின் ஈர்ப்பைக் கேவண்டிஷ் அளந்து முடித்தது 1798இல். அவர் தேடியது புவியின் அடர்த்தியை. ஈர்ப்பியல் மாறிலியை அந்த அளவீட்டிலிருந்து பின்வந்தோர் கணக்கிட்டுக் கொண்டனர். ஒரு மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு ஒரு கிலோ நிறைகள் ஒன்றையொன்று இழுக்கும் விசை, ஒரு நியூட்டனில் ஏறத்தாழ 1500 கோடியில் ஒரு பங்கு. உறவை அறிந்தபின் அளவை அறிய நூற்றுப் பதினோராண்டுகள் ஆயின.

நம் புறநகரிலேயே ஒரு சான்று உண்டு. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன், பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே இந்திய நில அளவைக்கான அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். கருவி, நூறடி எஃகுச் சங்கிலி; தொலைவு சுமார் ஏழரை மைல்; பணி 57 நாள் நீடித்தது. சென்னை வெயிலில் எஃகு நீளும். அந்த நீட்சி வெப்பநிலை மாற்றத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று அறிந்தால் மட்டும் சங்கிலியைத் திருத்திவிட முடியாது. டிகிரிக்கு எவ்வளவு நீளும் என்ற எண் வேண்டும். எஃகுக்கு அது செல்சியஸ் டிகிரிக்குப் பத்து லட்சத்தில் சுமார் 12 பங்கு. மிகச் சிறிய எண்தான். எனினும் அதைக் கணக்கில் கொள்ளாவிட்டால், ஒரு டிகிரி மாற்றத்துக்கே முழுக் கோட்டிலும் ஏறக்குறைய 14 சென்டிமீட்டர் பிழை சேரும். லாம்டன் வெப்பமானிகளை உடன் வைத்துக்கொண்டு அளந்தது இதனால்தான்.

எல்லா மாறிலிகளும் இத்தகையவை அல்ல. விசை, நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கி வருவது என்னும் விதியில் மாறிலி ஒன்றாக இருப்பது, நியூட்டன் என்ற அலகை நாம் அவ்வாறு வகுத்துக்கொண்டதால். அங்கே எண் நம் வசதி. எஃகின் நீட்சியில் அது பொருளின் இயல்பு. ஈர்ப்பில் அது பிரபஞ்சத்தின் இயல்பு. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் மூன்றையும் ‘மாறிலி’ என்ற ஒரே சொல்லால் கடந்துபோவதே நம் பாடநூல்களின் குறை.

இலக்கிய மாணவனான எனக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். நீரின் உயரமே மலர்த்தண்டின் நீளம், அதுபோல உள்ளத்தின் அளவே மாந்தரின் உயர்வு என்கிறது 595ஆம் குறள். விகிதக் கோட்பாட்டை வள்ளுவர் அன்றே கண்டுவிட்டார் என்று மேடையில் முழங்குவோர் உண்டு. உறவைக் கண்டுணர்வது பெரிய காரியம். ஆனால் அளக்காத உறவு விதியாகாது. வள்ளுவர் விதி எழுதவும் இல்லை, ஊக்கமளித்தார். அவரை இயற்பியலாளர் ஆக்குவதால் அவருக்குப் பெருமை கூடுவதில்லை.

அந்தக் குறளை நாம் கையாளும் விதமே எனக்கு உறுத்துகிறது. குளத்தில் நீர் ஓரடி உயர்ந்தால் தண்டும் ஓரடி உயரும். அங்கே மாறிலி ஒன்று. மனிதரிடம் அப்படியா? பொத்தேரி ரயில் நிலையத்தில் காலையில் இறங்கும் இரு மாணவர்களிடம் ஒரே அளவு ஊக்கம் இருக்கலாம். ஒருவர் நன்றாக உறங்கி எழுந்தவர். மற்றவர் இரவுப்பணி முடித்து வந்தவர். ஒரே ஊக்கம் இருவரையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுசெல்வதில்லை. இடையில் நிற்கும் எண்ணைக் குடும்பமும் ஊரும் சாதியும் பணமும் சேர்ந்து எழுதுகின்றன.

தோற்ற மாணவரிடம் ‘உன் ஊக்கம் போதாது’ என்று நானும் சொல்லியிருக்கிறேன். மாறிலியைப் பார்க்காமல் போட்ட கணக்கு அது.