மழைக் கணக்கும் வேர் முடிச்சும்

பொங்கல் விழாப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ஆவலோடு கேட்டார்: "குவாண்டம் கம்ப்யூட்டர் வந்துவிட்டால், எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு மழை என்று சொல்லிவிடுமாமே, சார்?" 2024 ஜூலை 25 அன்று முட்டா நதி ஏக்தா நகரிக்குள் புகுந்தபோது அவர் வீட்டுக் கூடத்திலும் முழங்காலளவு தண்ணீர். ஆசை நியாயமானதுதான். ஆனால் அந்த இயந்திரத்திடம் கேட்க வேண்டியது வேறு என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

மழைக் கணக்குக்கு நம் பாஷாணிலேயே கம்ப்யூட்டர் இருக்கிறது. வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையத்தில் 2018-இல் 'பிரத்யூஷ்' வந்தது. 2024-இல் 'அர்கா' வந்தது. 2025 மே மாதம் முதல் 6 கிலோமீட்டர் கட்டங்களாக முன்னறிவிப்பு கிடைக்கிறது. இந்தக் கணக்குக்குக் கடல், காற்று, செயற்கைக்கோள் என்று மலைமலையாக விவரங்களை உள்ளே ஏற்ற வேண்டும். குவாண்டம் கம்ப்யூட்டருக்குச் சிரமமே அதுதான்.

அதன் பலம் ரசாயனத்தில். யூரியாவுக்கு மூலப்பொருளான அம்மோனியாவை நாம் 400 டிகிரிக்கு மேல் சூட்டில், நூறு மடங்குக்கும் மேலான காற்றழுத்தத்தில், இயற்கை எரிவாயுவை எரித்துத் தயாரிக்கிறோம். உலகின் மொத்த எரிசக்தியில் ஏறக்குறைய 2 சதவீதம் இதற்கே போகிறது. நம் ஊர்த் துவரைச் செடியோ, வேர் முடிச்சில் குடியிருக்கும் பாக்டீரியாவின் தயவால், சத்தமில்லாமல் வயல் மண்ணின் சூட்டிலேயே இதைச் செய்துகொள்கிறது! எப்படி? அந்த நொதியின் நடுவிலுள்ள இரும்பு, மாலிப்டினம் அணுக்களின் எலெக்ட்ரான்களைக் கணக்கிட வேண்டும். ஒன்று கூடினால் கணக்கு இரட்டிக்கும், சதுரங்கக் கட்டத்தில் நெல் வைத்த கதைபோல. சூப்பர் கம்ப்யூட்டரும் திணறுகிறது. எலெக்ட்ரானின் விதிப்படியே இயங்கும் இயந்திரத்தால் முடியும் என்று 2017-இல் ஓர் ஆய்வு காட்டியது.

நாளைக்கே நடக்காது. 2021-இல் வெளியான ஒரு மதிப்பீடு இதற்குச் சுமார் 40 லட்சம் கியூபிட் கேட்கிறது. 2023-இல் மத்திய அரசு 6,003 கோடி ரூபாயில் அறிவித்த திட்டத்தின் இலக்கோ எட்டாண்டுகளில் 1,000 வரைதான். ஆகவே அதைச் சாக்காக வைத்து ஏ.சி.யையும் காரையும் இஷ்டத்துக்கு ஓட்டலாம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

இதைச் சங்க மலரில் எழுதக் காரணம் உண்டு. இயந்திரம் வந்தாலும், எந்தக் கேள்வியை அதற்குக் கொடுப்பது என்று ரசாயனமும் கணிதமும் கற்றவர்தான் சொல்ல வேண்டும். அதற்கான படிப்பு நம் வாசலிலேயே இருக்கிறது. வானிலை நிலையம் உள்ள அதே பாஷாணில் தேசிய ரசாயன ஆய்வுக்கூடம்; அதையொட்டி, குவாண்டம் துறைக்கென்றே தனி மையம் வைத்திருக்கும் ஐசர். நம் சங்கக் குடும்பத்துப் பெண் ஒருத்திக்கு அந்த ஐசரில் இடம் கிடைத்தது. "ஐந்து வருஷம் சயன்ஸ் படித்து என்ன கிடைக்கும்?" என்று பெற்றோர் அவளை ஹிஞ்சவாடி வேலைக்குத் தோதான கம்ப்யூட்டர் என்ஜினீயரிங்கில் சேர்த்துவிட்டார்கள். அவர்களும் இம்மலரைப் படிப்பவர்களே, என்மேல் வருத்தப்படலாம். இரண்டாவது பெண் இப்போது பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறாள். அவளுக்கும் ரசாயனம்தான் பிடிக்குமாம்.