ஆத்துல போட்டுட்டுக் குளத்துல தேடுறவங்களுக்கு

சென்னைல இருக்கிற சொந்தக்காரங்க, சிநேகிதங்க எல்லாருக்கும் ஒரே பாட்டு: "வர ஆசைதான், டிக்கெட்டே கிடைக்கல." சொல்லிட்டுப் போனை நீட்டுவாங்க, வெயிட்டிங் லிஸ்ட் நம்பர் தெரியும். பாவம்னு நானும் ரொம்ப நாள் கேட்டுக்கிட்டு இருந்தேன். இப்ப நம்பறதில்ல.

இந்த ரெண்டு நாள் பயணத்துக்கு இவங்க திட்டம் போடற அழகைப் பார்க்கணுமே. முதல்ல ஒரு ரீல்ஸ். அப்புறம் ஐஆர்சிடிசி. எந்த வண்டியில படுக்கை காலியோ, அந்த வண்டி போற ஊர். இல்லன்னா தட்கல். ஏசிக்குக் காலை 10 மணி, மத்ததுக்கு 11 மணி, 2025 ஜூலையிலேருந்து ஆதார் ஓடிபி வேற. அதுவும் போச்சுன்னா காரை எடுத்துக்கிட்டு டோல்கேட்ல போய் நிக்கறது. முன்பதிவு 120 நாள் முன்னாடி ஆரம்பிச்சுக்கிட்டிருந்தது, 2024 நவம்பர்ல 60 நாளாச்சு. ஜன்னல் திறந்ததும் பாய்ஞ்சு போடறவங்க இருக்காங்க. நான் உளுந்து விதைச்சு, பிடுங்கி, அடிச்சு மூட்டை கட்டறதுக்கு ஏறக்குறைய அத்தனை நாள்தான் ஆகும். இதுக்குப் பேரு சின்னப் பயணமா?

என் வழக்கு இதுதான்: உங்க போன் சீட்டைத் தேடுது, ரயிலைத் தேடல. முன்பதிவுப் பெட்டி உள்ள வண்டி மட்டும்தான் ஐஆர்சிடிசியில வரும். பாசஞ்சர் வண்டி அங்க கிடையவே கிடையாது. விருத்தாசலம் ஜங்ஷன்ல விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர்னு நாலு பக்கமும் தண்டவாளம் போகுது. உங்க திரையில அது ராத்திரி ரெண்டு நிமிஷம் நின்னு போற ஒரு பேரு. 2023 செப்டம்பர்ல விட்டாங்களே சென்னை–திருநெல்வேலி வந்தே பாரத், அது தாம்பரம், விழுப்புரம், திருச்சின்னு நிற்கும்னு அறிவிச்சப்ப அந்தப் பட்டியல்ல எங்க ஊர் இல்ல. சரி, அது வேகமா போகப் பிறந்த வண்டி. நீங்க ஏன் அதோட கணக்கையே உங்க கணக்கா வெச்சுக்கிறீங்க?

ஆத்துல போட்டுக் குளத்துல தேடறதுன்னு ஒரு பேச்சு இருக்கே, அது எங்க ஊர்க் கதை. சுந்தரர் இங்க வாங்கின 12,000 பொன்னை மணிமுத்தாத்துல போட்டுட்டு, திருவாரூர் கமலாலயக் குளத்துல எடுத்தாராம். அவருக்குக் கிடைச்சுது, சாமி துணை இருந்துது. எழும்பூர்லேருந்து பகல்ல கிளம்பற வண்டியை விட்டுட்டு ஊட்டிக்கு வெயிட்டிங் லிஸ்ட்ல தவம் கிடக்கற உங்களுக்கு என்ன துணை இருக்கு?

வைகையும் பல்லவனும் மதியத்துக்கு மேல எழும்பூர்ல கிளம்பி, பொழுது சாயற நேரத்துல இங்க வந்துடும். ரெண்டுலயும் உட்கார்ற சீட்டுக்கு முன்பதிவு உண்டு. சுமார் 210 கிலோமீட்டர் உட்கார்ந்து வர்றதுக்குப் படுக்கை எதுக்குங்க? வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போடுங்க, சனிக்கிழமை முழுசா உங்களுது. போன்ல பார்க்க வேண்டியது 'வேர் இஸ் மை டிரெயின்' மாதிரி ஒண்ணு. அதுல பாசஞ்சரும் வரும், நெட் இல்லாட்டியும் செல்போன் டவரை வெச்சு வண்டி எங்க வருதுன்னு சொல்லும். முன்பதிவில்லா டிக்கெட்டுக்கு ரயில்ஒன் போதும்.

இப்ப கடலூர்ப் பாதைக்கு வாங்க. நெய்வேலி, வடலூர், குறிஞ்சிப்பாடி, கடலூர்த் துறைமுகம்னு போகுது அந்தப் பாசஞ்சர். வடலூர்ல வள்ளலார் 1867ல மூட்டின அடுப்பு இன்னைக்கும் எரியுது, சாப்பாடு போட்டுக்கிட்டே இருக்காங்க. ரெண்டு டீ காசுல போய் இறங்கலாம். ஆனா கொரோனாவுல பாசஞ்சர் எல்லாத்தையும் நிறுத்தினாங்க. திரும்ப விட்டப்ப எக்ஸ்பிரஸ்னு பேரை மாத்தி, குறைஞ்ச கட்டணம் 10 ரூபாயை 30 ரூபாயாக்கினாங்க. 2024 பிப்ரவரியிலதான் பழையபடி 10 ஆச்சு. கீரைக்கட்டு விக்கற கிழவிக்கு அது எத்தனை கட்டுக் கீரை? வந்தே பாரத்துல உப்புமா சரியில்லன்னு ட்விட்டர்ல பொங்கினவங்க யாரும் இதைப் பத்தி ஒரு வரி எழுதி நான் பார்க்கல. குத்திக் காட்டறதாவே வெச்சுக்கோங்க. ஆள் ஏறலன்னு காரணம் சொல்லி நிறுத்தறதுக்குப் பாசஞ்சர் மாதிரி சுலபமான வண்டி வேற இல்ல. நீங்க எடுக்கற ஒரு பத்து ரூபா டிக்கெட்டும் அந்தக் கணக்குல விழும்.

"குடும்பத்தோட அன்ரிசர்வ்டா?"ன்னு கேட்பீங்க. கிளைப் பாதையில பயப்பட ஒண்ணுமில்ல. சென்னை திரும்பறதுக்கு மட்டும் நானே வேண்டாம்னுதான் சொல்வேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பொதுப் பெட்டியில ஏறாதீங்க. அது திங்கக்கிழமை கட்டட வேலைக்கும் கம்பெனி ஷிப்டுக்கும் போற எங்க பசங்க நிக்கற இடம். காலை வடக்கே போற பல்லவன்லயோ வைகையிலயோ சீட்டு போட்டுக்கிட்டா மதியம் வீட்டுல இருக்கலாம்.

அப்படி என்ன இருக்கு உங்க ஊர்லன்னு ஒருத்தர் கேட்டார். விருத்தகிரீசுவரர் கோயில்ல கோபுரம் அஞ்சு, பிராகாரம் அஞ்சு, தீர்த்தம் அஞ்சு. படியிறங்கிப் போய்ப் பார்க்கற ஆழத்துப் பிள்ளையார். கோயிலாவது கூகுள்ல வரும். செராமிக் எஸ்டேட் வருமா? நெய்வேலிப் பக்கத்து வெள்ளைக் களிமண்ணை அரைச்சு, அச்சுல ஊத்தி, சூளையில வேகவைச்சு பொம்மை, ஜாடி, கரண்ட் பெட்டிக்குள்ள இருக்கற பீங்கான் ஃப்யூஸ் கேரியர் எல்லாம் பண்றாங்க. உங்க வீட்டு மீட்டர் பெட்டியில இருக்கறதுகூட இங்க வெந்ததா இருக்கலாம். பீங்கான் தொழில் சொல்லித் தர்ற அரசுப் பாலிடெக்னிக்கும் இங்கயே இருக்கு. கொலு பொம்மையை மயிலாப்பூர்ல பேரம் பேசி வாங்கறவங்க, ஒரே ஒரு தடவை அது அச்சுலேருந்து ஈரமா வெளிய வர்றதைப் பாருங்க. அப்புறம் பேரம் பேச வாய் வராது.

ஞாயித்துக்கிழமை லீவு விடற கம்பெனிங்க உண்டு, அதனால சனிக்கிழமையே போயிடுங்க. உள்ள போறதுக்கு முன்னாடி கேட்டுக்கிட்டுப் போங்க, சூளைப் பக்கம் பிள்ளைங்களை விடாதீங்க. சித்திரையில வந்தா முந்திரிப் பழம் இருக்கும். சட்டையில சாறு பட்டா கறை போகாது, பழைய சட்டையா எடுத்துக்கிட்டு வாங்க.