இதய ஸ்கேனில் ஆட்டோ பட்டனை மட்டும் நம்பலாமா?

டிஜிட்டல் கேமராவில் எடுத்த நான்கு போட்டோக்களை ஒட்டி ஒரே பனோரமாவாகத் தரும் சாஃப்ட்வேர்களை நீங்கள் பயன்படுத்தியிருப்பீர்கள். ஒட்டிய இடத்தில் மின்கம்பம் இரண்டாக உடைந்து தெரிந்தால் சிரித்துவிட்டு மறுபடி முயல்வோம். இதே பொருத்தும் வேலை இதய ஸ்கேனில் தவறினால் சிரிக்க முடியாது.

நியூக்ளியர் மெடிசின் பிரிவில் எடுக்கும் ஸ்பெக்ட் ஸ்கேனில், டெக்னீசியம்-99எம் கலந்த மருந்தை ஊசி மூலம் செலுத்துகிறார்கள். இதன் அரை ஆயுள் 6 மணி நேரம். ரத்தம் நன்றாகப் பாயும் இதயத் தசையில் மருந்து அதிகம் சேரும். அங்கிருந்து வரும் காமா கதிர்களைக் கேமரா படமாக்குகிறது. வழியில் நெஞ்சுச் சதையும் எலும்பும் கதிர்களில் ஒரு பகுதியை உறிஞ்சிவிடும். அந்த இழப்பை ஈடு செய்யப் பல மையங்களில் ஒரு சி.டி. ஸ்கேனும் எடுக்கிறார்கள்.

சிக்கல் இங்கேதான். ஸ்பெக்ட் முடியப் பல நிமிடங்கள் ஆகும். அதுவரை நோயாளி மூச்சு விட்டுக்கொண்டே இருப்பார். சி.டி.யோ சில நொடிகளில் முடிந்துவிடும். எனவே இரண்டிலும் இதயம் ஒரே இடத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஸ்பெக்ட்டில் இதயச் சுவர் உள்ள இடத்தில் சி.டி.யில் நுரையீரல் இருந்தால், அங்கே காற்றுதானே என்று கம்ப்யூட்டர் குறைவாக ஈடு செய்யும். நல்ல சுவரிலும் ரத்த ஓட்டம் குறைந்ததுபோல் தெரியும். அதை நம்பினால் தேவையில்லாத ஆஞ்சியோகிராம் வரை போகலாம்.

பெட் ஸ்கேனிலும் இதே கதைதான். அமெரிக்காவின் ஹூஸ்டனில் கே. லான்ஸ் கவுல்ட் குழுவினர் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், இதய பெட்-சி.டி. எடுத்தவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்குப் படங்கள் பொருந்தாததால் பொய்யான குறைபாடு தெரிந்தது.

இதைச் சரி செய்யும் சாஃப்ட்வேர் 6 எண்களைத் தேடுகிறது: மூன்று திசைகளில் நகர்வு, மூன்று அச்சுகளில் சுழற்சி. இரண்டு படங்களும் ஒரே மாதிரி இருக்காது என்பதால், ஒன்றின் புள்ளியைக் கொண்டு மற்றதன் புள்ளியை எவ்வளவு ஊகிக்க முடியும் என்று அளக்கிறது. ஊகம் மிக நன்றாக அமையும் நிலையே பொருத்தமான நிலை. 1990களின் நடுவில் வந்த இந்த யோசனை அருமையானது. ஆனால் இதயத்துக்குக் கீழே கல்லீரலிலும் குடலிலும் மருந்து அதிகம் தேங்கினால், அந்தப் பிரகாசம் கணக்கை இழுத்துவிடும்.

ஆகவே, ஆட்டோ பட்டனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது முடிந்தபின் ஒரு மனிதர் பார்த்தே ஆக வேண்டும் என்கிறேன். இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டும் படம் ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் இடம்பெற வேண்டும். பொருத்தத்தை மாற்றினால் திரையில் படத்தை நகர்த்துவதோடு நிற்கக் கூடாது. இழப்பீட்டுக் கணக்கையும் மறுபடி போட வேண்டும். ஈடு செய்யாத படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

கூட்டம் அதிகம், நேரமில்லை என்பார்கள். ஆஞ்சியோகிராமுக்கு ஆகும் நேரத்தையும் செலவையும் பார்த்தால், இந்தச் சோதனை மிகச் சிறிய வேலை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்கேன் சென்டரில் டைகாம் ஃபைல்கள் உள்ள சி.டி. டிஸ்க்கையும் கேட்டு வாங்குங்கள். 3டி ஸ்லைசர் போன்ற இலவச சாஃப்ட்வேரில் அவற்றைத் திறந்து பார்க்கலாம். ஆனால் நோயை நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். “டாக்டர், இரண்டு படமும் சரியாகப் பொருந்தியிருக்கிறதா?” என்று மட்டும் தயங்காமல் கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல எந்த நல்ல டாக்டரும் கோபப்பட மாட்டார்.