ஸ்டேடியத்தைப் பார்த்து காலேஜ்ல சேர்க்காதீங்க சாமி!

போன ஞாயிற்றுக்கிழமை லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு நண்பர் பிடித்துக்கொண்டார். கல்கத்தாவில் பல வருஷமாக இருக்கும் தமிழர். பையனுக்கு அமெரிக்காவில் ஒரு சின்ன யுனிவர்சிட்டியில் (பேர் வேண்டாமே) எம்.எஸ். சீட் கிடைத்திருக்கிறது. ஊரில் இருக்கும் வீட்டுப் பத்திரத்தை வைத்து லோன் வாங்கப்போகிறார். செல்போனில் படம் காட்டினார். லேப் இல்லை, லைப்ரரி இல்லை, ஸ்டேடியம்!

"பாருங்க சார், நம்ம சால்ட் லேக் ஸ்டேடியம் மாதிரி இருக்கு. காலேஜே இதைக் கட்டியிருக்குன்னா எவ்வளவு பணம் வச்சிருப்பான்!"

அடியேன் இருபது வருஷமாக லோன் ஃபைல் பார்க்கிறவன். பெரிய கட்டடம் என்றாலே எனக்கு முதலில் தோன்றுவது 'யார் தலையில் கடன்?' என்பதுதான். மார்க்கெட்டில் நின்று சொல்ல முடியாததை இங்கே கொட்டிவிடுகிறேன்.

ஒஹையோ மாநிலத்தில் ஆக்ரன் என்று ஒரு ஊர். டயர் கம்பெனிகளின் ஊர், லெப்ரான் ஜேம்ஸ் பிறந்த ஊர். அங்கே ஒரு அரசுப் பல்கலைக்கழகம். பாலிமர் படிப்புக்கு நல்ல பேர், அதில் குறையே இல்லை. 1940-இல் கட்டிய ரப்பர் பவுல் என்ற பழைய மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அது காலேஜை விட்டுத் தள்ளி இருந்தது, ஓட்டை உடைசல் வேறு. உடனே 6 கோடி டாலருக்கு மேல் செலவழித்து, வளாகத்திலேயே 30,000 பேர் உட்காரும் மைதானம் கட்டி 2009-இல் திறந்தார்கள். நன்கொடை கொஞ்சம், மைதானத்துக்குப் பெயர் வைக்கும் உரிமையை விற்ற பணம் கொஞ்சம், மீதிக்குக் கடன் பத்திரம்.

அங்கே ஃபுட்பால் என்பது கையில் பந்தைப் பிடித்துக்கொண்டு கட்டிப் புரளும் ஆட்டம். சொந்த மைதானத்தில் வருஷத்துக்கு ஆறு மேட்ச், மிஞ்சிப்போனால் ஏழு. ஆறு நாள் ஓடும் கல்யாண மண்டபத்துக்கு எந்த பேங்க் லோன் கொடுக்கும்? நான் கொடுக்க மாட்டேன்.

சரி, ஜெயித்தார்களா? 2010, 2011, 2012 மூன்று வருஷமும் தலா 12 ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி. 2017-இல் கொஞ்சம் தலை தூக்கினார்கள். 2019-இல் 12-க்கு 12 தோல்வி. இதில் தமாஷ் என்னவென்றால், நாம் கால்பந்து என்று சொல்கிறோமே, அந்த நிஜக் கால்பந்தில் அதே பல்கலைக்கழக அணி 2010-இல் தேசிய சாம்பியன்! அவர்கள் ஆடியது பக்கத்தில் இருந்த சின்ன மைதானத்தில் :-)

நிற்க. 2015-இல் பணமுடை. 200-க்கு மேற்பட்ட வேலைகள் போயின, பேஸ்பால் அணியைக் கலைத்தார்கள் (பிறகு திரும்ப வந்தது). 2020-இல் சுமார் 100 முழுநேர ஆசிரியர்கள் வீட்டுக்கு. அதே வருஷம் ஆண்கள் கோல்ஃப், பெண்கள் டென்னிஸ் அணிகளுக்கும் மூடுவிழா. கட்டிப் புரளும் ஆட்டம் மட்டும் பத்திரம்.

எல்லாவற்றுக்கும் ஸ்டேடியமே காரணம் என்றால் அது பொய். கொரோனா வந்தது. 2011 வாக்கில் 29,000 பக்கம் இருந்த மாணவர் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. என் வாதமே அதுதான். வருமானம் பாதியாகும், தவணை பாதியாகாது. பி.காம். முதல் வருஷப் பாடம் ஐயா இது!

அந்தத் தவணையை யார் கட்டுகிறார்கள்? இந்த மாதிரி சின்ன அணிகளுக்கு டிக்கெட், டி.வி. பணம் போதாது. விளையாட்டுச் செலவில் பெரும்பங்கு பல்கலைக்கழகப் பணத்திலிருந்தும் மாணவர் கட்டும் பொதுக் கட்டணத்திலிருந்தும்தான் வருகிறது. மேட்சே பார்க்காத பையனும் கட்டுகிறான்.

"ஸ்டேடியம் இருந்தால்தான் பழைய மாணவர்கள் வருவார்கள், பேர் வரும்" என்பார்கள். ஐடஹோ பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். மாஸ்கோ என்ற சின்ன ஊர் (ரஷ்யா இல்லை!). 1975-இல் கூரை போட்ட மைதானம், சுமார் 16,000 இருக்கை. அதிலேயே டென்னிஸ், ஓட்டப்பந்தயம், பட்டமளிப்பு விழா எல்லாம். 2018-இல், பழைய மாணவர்கள் திட்டத் திட்ட, முதல் தர ஃபுட்பால் பிரிவிலிருந்து தாமாகவே ஒரு படி கீழே இறங்கினார்கள். வரவுக்கு ஏற்ற செலவு. நம் அம்மாக்கள் சொல்வார்களே, விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று.

விளையாட்டுக்கு நான் எதிரி இல்லை. கல்கத்தாவில் இருந்துகொண்டு அப்படிச் சொன்னால் உதைப்பார்கள். ஆடுகிற மைதானம் வேண்டும், அந்தஸ்துக்குக் கட்டும் மைதானம் வேண்டாம்.

வீட்டுப் பத்திரத்தை வைக்கப்போகிற அப்பாக்களே, முதலில் கட்டண ரசீதை வரிவரியாகப் படியுங்கள். பொதுக் கட்டணம் எங்கே போகிறது என்று மெயில் போட்டுக் கேளுங்கள். பையன் சேரும் துறையில் ஐந்து வருஷத்துக்கு முன் எத்தனை பேராசிரியர்கள், இன்று எத்தனை என்று பாருங்கள். அமெரிக்கக் கல்லூரிகள் விளையாட்டு வரவு செலவை ஆண்டுதோறும் மத்திய கல்வித் துறைக்குக் கொடுத்தாக வேண்டும்; இணையத்தில் யாரும் பார்க்கலாம்.

உங்கள் வீடு அடமானத்தில் இருக்கும்போது, அங்கே காலி இருக்கைக்கு நீங்கள் ஏன் வட்டி கட்ட வேண்டும்?

நண்பர் இதைப் படித்தால் கோபிப்பார். பரவாயில்லை, ஃபைல் என் மேஜைக்குத்தான் வரும். மற்றவர்கள் பின்னூட்டத்தில் கும்மலாம்.