ஃபெஹுவும் பசுவும் மாடும்

ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு சொற்களை வைத்து இரண்டு மொழிகளுக்கு உறவு கட்டுவது நம்மில் பலருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. அது ஏன் போதாது என்பதற்கு ஒரு கோத்திக் சொல்லை எடுத்துக்கொள்வோம்.

கோத்திக் வழக்கொழிந்துபோன ஒரு ஜெர்மானிய மொழி. 4-ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற ஆயர் செய்த பைபிள் மொழிபெயர்ப்பின் பகுதிகள்தான் அதில் இன்று கிடைப்பவற்றில் பெரும்பங்கு. அதில் 'ஃபெஹு' என்று ஒரு பெயர்ச்சொல். பொருள் பணம், சொத்து. யூதாசுக்குத் தருவதாகச் சொன்ன பணமும் (மாற்கு 14:11) ஃபெஹுதான்!

ஆனால் ஆதிப் பொருள் கால்நடை. ஜெர்மன் மொழியில் இதன் உடன்பிறப்பான 'ஃபீ' இன்றும் கால்நடையைத்தான் குறிக்கிறது. லத்தீனில் 'பெகு' கால்நடை, அதிலிருந்து வந்த 'பெகூனியா' பணம். சமஸ்கிருதத்தில் 'பசு'.

ஃபெஹுவும் பசுவும் எப்படி உறவு? லத்தீனின் 'ப' கோத்திக்கில் 'ஃப' ஆகும், 'க' 'ஹ' ஆகும். கொம்புக்கு லத்தீனில் 'கொர்னு', கோத்திக்கில் 'ஹோர்ன்'. இப்படி நூற்றுக்கணக்கான சொற்களில் ஒழுங்காக நடக்கிற மாற்றம் இது. ஜேக்கப் கிரிம் 1822-இல் இதை விதியாக எழுதினார். லத்தீனில் 'க' இருக்கும் இடத்தில் சமஸ்கிருதத்தில் 'ச' வருவதும் இதேபோல் ஒழுங்கானதுதான்.

இன்னும் வலுவான சாட்சி வேற்றுமை உருபில் இருக்கிறது. ஃபெஹு உகரத்தில் முடியும் அஃறிணைப் பெயர். எழுவாயும் செயப்படுபொருளும் 'ஃபெஹு', நான்காம் வேற்றுமை 'ஃபெஹௌ', ஆறாம் வேற்றுமை 'ஃபெஹௌஸ்'. சமஸ்கிருதத்தில் 'பசுவின்' என்பதற்கு 'பசோஹ்'. அந்த 'ஓ' முன்பு 'அஉ'வாக இருந்தது. ஈற்று 'ஹ்' பழைய 'ஸ்'. ஆக இரண்டும் ஒரே விகுதி. சொல்லைக் கடன் வாங்கலாம்; வேற்றுமை வாய்பாட்டையே கடன் வாங்குவது மிக அபூர்வம்.

இப்போது நம் 'மாடு'. தமிழிலும் அதற்குச் செல்வம் என்ற பொருள் உண்டு, வள்ளுவரே அப்படி ஆண்டிருக்கிறார். பொருள் அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் ஒலி விதியும் இல்லை, உருபும் ஒத்துவரவில்லை. எனவே உறவு இல்லை. மாடு வைத்திருந்தவனே பணக்காரன் என்ற வாழ்க்கை இரண்டு இடத்திலும் இருந்தது, அவ்வளவுதான்.

இதில் தமிழுக்கு எந்தக் குறையும் இல்லை. யாரிடமும் வாங்காமல் தானாகவே அந்த எண்ணத்துக்கு வந்த மொழி என்பது பெருமைதானே? அடுத்த முறை 'அந்தச் சொல் இங்கிருந்து போனது' என்று யாராவது சொன்னால், ஒலி விதி என்ன, வேற்றுமை உருபு எப்படி என்று கேளுங்கள். பதில் வந்தால் நம்பலாம்.